போருக்குப் பின் எழுந்த சபைகள்: வன்னியில் மதமாற்றம், சாதி, சட்டம்

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிவுக்கு வந்தது. உயிர் பிழைத்த ஏறத்தாழ மூன்று இலட்சம் தமிழர்கள் வவுனியாவின் மெனிக்பாம் உள்ளிட்ட முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டம்பரில் மெனிக்பாம் மூடப்படும்வரை, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களுக்கு மக்கள் கட்டங்கட்டமாக அனுப்பப்பட்டனர். அவர்கள் திரும்பிய ஊர்களில் வீடுகளுக்குக் கூரை இல்லை. கிணறுகள் பாழடைந்து கிடந்தன. மீள்குடியேற்றத்தின் அந்த முதல் ஆண்டுகளில், தகரக் கொட்டகைகளிலும் ஓலைப் பந்தல்களிலும் வீட்டு முற்றங்களிலும் புதிய கிறித்தவ சபைகள் தோன்றின. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் தென்னிந்தியத் திருச்சபைக்கும் வெளியே இயங்கும் பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளே இவற்றுள் பெரும்பாலானவை.

இவற்றைப் பற்றி இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன. போரில் உடைந்த மக்களை அரிசிப் பொதிக்கும் பால்மாவுக்கும் விலைக்கு வாங்குகிறார்கள் என்பது ஒன்று. இருளில் இருந்தவர்கள் ஒளியைக் கண்டார்கள் என்பது மற்றொன்று. இவ்விரு கதைகளிலும் இச்சபைகளுக்குச் செல்லும் மக்கள் வெறும் செயப்படுபொருளாகவே நிற்கிறார்கள். அவர்கள் யார், எந்தச் சாதியினர், அவர்களுக்கு நிலம் உண்டா, ஊர்க் கோயிலில் அவர்களுடைய இடம் எது என்ற கேள்விகளை இரு தரப்பும் எழுப்புவதில்லை. சாதியையும் நிலத்தையும் விட்டுவிட்டு வன்னியின் புதிய சபைகளைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும், மதமாற்றத் தடை பேசும் சட்டமொழி ஒடுக்கப்பட்டோரின் மனச்சான்றையே மறுக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சபை எவ்வாறு உருவாகிறது

ஊழியர்கள் இப்பணியைச் 'சபை நாட்டுதல்' என்பர். பெரும்பாலும் அது ஒரு வீட்டில் தொடங்குகிறது. நோயுற்ற ஒருவருக்காகவோ காணாமற்போன மகனுக்காகவோ ஜெபிக்கப் போதகர் அழைக்கப்படுகிறார். அடுத்த கிழமை அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் சேர்கின்றனர். உபவாச ஜெபம், சாட்சி கூறல், பாடல் என்று ஒரு வாராந்தர ஒழுங்கு அமைகிறது. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்ததும் கொட்டகை ஒன்று எழுகிறது. சிலர் ஞானஸ்நானம் பெறுகின்றனர். தசமபாகம் சேரத் தொடங்குகிறது. போதகர் அதே ஊரிலோ அயலூரிலோ வாழ்பவர். அந்த மக்களுடனேயே இடம்பெயர்ந்து, அதே முகாமில் இருந்தவராகவும் இருக்கக்கூடும். சில சபைகளுக்குக் கொழும்பிலோ வெளிநாட்டிலோ தாய்ச்சபை உண்டு. பல சபைகள் எவருடைய கிளையுமல்ல.

பெந்தெகொஸ்தே இயக்கம் போருக்குப் பின் வந்திறங்கிய புதுச்சரக்கன்று. சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் 1920களிலேயே இலங்கையில் தோன்றியது. போர்க் காலத்திலும் வன்னியில் சிறு சபைகள் இருந்தன. போர் முடிந்ததும் அவற்றின் எண்ணிக்கையும் பரவலும் கூடின. ஆனால் இதனைப் பெருவெள்ளமாகச் சித்திரிப்பது பொருந்தாது. 1981 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கைக் கிறித்தவர் 7.6 விழுக்காடு, 2012இலும் அதே 7.6 விழுக்காடுதான். மாறியது உள்விகிதம்: 2012இல் கத்தோலிக்கர் 6.2 விழுக்காடு, பிற கிறித்தவர் 1.4 விழுக்காடு. புதிய சபைகளுக்கு வருவோரில் பிற சமயத்தவரும் உண்டு, பழைய திருச்சபைகளிலிருந்து பெயர்ந்தோரும் உண்டு. 'இந்து சமயம் அழிகிறது' என்னும் கூச்சலுக்கு இந்த எண்கள் இடந்தருவதில்லை.

வருபவர்கள் யார்

போர் அனைவரையும் தாக்கியது. அனைவரையும் சமமாகத் தாக்கவில்லை. பணமும் வெளிநாட்டு உறவும் உடையோர் முன்கூட்டியே வெளியேறினர். எஞ்சியோரில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிலமற்றோரும் மிகுதி. 1990 முதல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு யாழ்ப்பாணத்து நலன்புரி முகாம்களில் பல்லாண்டுகள் தங்கிவிட்டவர்களில் பெரும்பான்மையினர் நளவர், பள்ளர் முதலிய பஞ்சம சாதியினரே என்பதைக் காலிங்க டியூடர் சில்வாவும் அவருடன் பணியாற்றியோரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. சொந்தக் காணியும் உறவினர் வீடும் இருந்தவர்கள் முகாமிலிருந்து வெளியேறிக்கொண்டார்கள். காணி இல்லாதவர்களுக்கு முகாமே ஊராயிற்று.

வன்னியில் இன்னொரு பிரிவினரையும் காண வேண்டும். 1958, 1977, 1981, 1983 வன்முறைகளுக்கு அஞ்சி மலையகத் தோட்டங்களிலிருந்து வடக்கே வந்த தமிழர்கள் அவர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிரித்தானியர் தோட்ட வேலைக்குக் கொண்டுசென்ற அம்மக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரே அதிகம். 1970களில் காந்தியம் அமைப்பு வவுனியாவில் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. அதன் முன்னோடியான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். இம்மக்களில் பலர் காட்டை வெட்டி உருவாக்கிய காணிகளுக்கு இன்றும் உரிய ஆவணம் இல்லை. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் போன்ற உதவிகளில்கூட, நில உரிமைச் சான்று இல்லாதோர் பயனாளிப் பட்டியலில் இடம்பெறுவது கடினமாயிற்று.

மூன்றாவதாக, கணவரை இழந்த பெண்கள். வடக்கிலும் கிழக்கிலும் போரால் கைம்பெண்களானோர் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010இல் இலங்கையின் துணை அமைச்சர் ஒருவரே தெரிவித்தார். சடங்குகளில் ஒதுக்கப்படும் கைம்பெண், புதிய சபையில் முன்வந்து பாடுகிறாள், சாட்சி சொல்கிறாள். காணாமற்போன கணவனின் பெயரை அங்கே உரக்கச் சொல்லி அழ முடிகிறது. இராணுவக் கண்காணிப்பு நிலவிய அந்நாள்களில், பத்துப்பேர் கூடி அழுவதற்கான இடமே அரிதாயிருந்தது.

ஊர்க் கோயில் இவர்களுக்கு என்ன தந்தது? 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது. அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 2018இல், தென்மராட்சி வரணியில் அம்மன் தேரின் வடத்தை ஒடுக்கப்பட்டோர் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக மண்தோண்டும் இயந்திரத்தைக் கொண்டு தேர் இழுக்கப்பட்டது. இலங்கையில் 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் இயற்றப்பட்டு, சாதியின் பெயரால் வழிபாட்டிடத்தில் தடுப்பது குற்றமாக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்தை அழைத்து வந்தவர்களுக்கு அச்சட்டம் ஒரு தடையாக இருக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில், தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, அருகில் அமரவைத்து, தலைமேல் கைவைத்து ஜெபிக்கும் ஒரு கொட்டகைக்குள் ஒருவர் நுழைவதை 'பால்மாவுக்கு விலைபோனார்' என்று விளக்குவது அறியாமை மட்டுமன்று, சாதித் திமிருமாகும்.

பழைய மிஷனும் சாதியும்

சமயமாற்றத்தை ஒடுக்கப்பட்டோர் ஒரு கருவியாகக் கையாண்டது இது முதன்முறையன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி நிறுவியது. அதன் பயன் முதன்மையாக வெள்ளாளர்க்கே சென்றது. கல்வி கற்ற உயர்சாதியினரை ஈர்த்தால் சமூகம் முழுதும் பின்தொடரும் என்று மிஷன் நம்பியது. சமூகம் தொடரவில்லை, சாதிதான் பள்ளிக்குள் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட மாணவர்க்குச் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற ஆணை 1929-30இல் வந்தபோது, மிஷன் பள்ளிகள் இருந்த ஊர்களிலும் எதிர்ப்பு மூண்டது. பள்ளிக் கட்டடங்கள் தீக்கிரையாயின.

பின்னர் 1950களிலும் 60களிலும் யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்டோரில் ஒரு சிறு பகுதியினர் பௌத்தம் தழுவினர். சைவப் பள்ளிகள் கதவடைத்தபோது, பௌத்தத்தின் பெயரால் தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளைப் பெற்றனர். அண்ணல் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் எடுத்த முடிவின் எதிரொலியும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் 1981இல் மீனாட்சிபுரத்து மக்கள் இசுலாம் தழுவியபோது 'வளைகுடாப் பணம்' என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வன்னியில் இன்று ஒலிப்பது 'வெளிநாட்டு டாலர்' என்ற சொல். ஒடுக்கப்பட்டோர் மதம் மாறினால் எவரோ பணம் கொடுத்திருக்க வேண்டும் என்ற முற்கோள் இரு கரையிலும் ஒன்றுதான்.

சட்டத்தின் பார்வை

இலங்கை அரசமைப்பின் 10ஆவது உறுப்புரை சிந்தனை, மனச்சான்று, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. தான் விரும்பும் மதத்தைத் தழுவும் உரிமையும் அதில் அடங்கும். 14(1)(உ) உறுப்புரை வழிபாட்டிலும் அனுட்டானத்திலும் போதனையிலும் மதத்தை வெளிப்படுத்தும் உரிமையைத் தருகிறது. ஆனால் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கி, அதனைப் பேணுவதை அரசின் கடமையாக்குகிறது. இவற்றுக்கிடையிலான முரணே எல்லா வழக்குகளின் வேர்.

மென்சிங்கன் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரிகள் தம் அமைப்பைச் சட்டவழி நிறுவனமாக்க முனைந்த மசோதாவை 2003இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் (அந்நாட்டு வழக்கில் உயர் நீதிமன்றம்) ஆராய்ந்தது. மதத்தைப் பரப்புவது அரசமைப்பு தரும் அடிப்படை உரிமையன்று என்றும், சமூகப் பணியோடு மதப் பரப்புரை இணைவது 9ஆவது உறுப்புரைக்கு முரண் என்றும் அது தீர்மானித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் அளித்த தீர்ப்பும் அங்கே துணைக்கு வந்தது. கன்னியாஸ்திரிகள் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் சென்றனர். 2005 அக்டோபரில் குழு, மதச் சுதந்திரமும் சட்டத்தின் முன் சமத்துவமும் மீறப்பட்டன என்று கண்டது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில், அக்குழுவிடம் தனிமனிதர் முறையிட வழிசெய்த நெறிமுறையில் இலங்கை இணைந்ததே அரசமைப்புக்கு ஒவ்வாதது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதனால் ஐ.நா. குழுவின் கருத்து உள்நாட்டில் பயனற்றுப் போயிற்று.

இதற்கிடையே, 2004 ஏப்ரலில் 9 இடங்களை வென்று நாடாளுமன்றம் புகுந்த ஜாதிக ஹெல உறுமய, அதே ஆண்டில் கட்டாய மதமாற்றத் தடை மசோதாவைக் கொண்டுவந்தது. மதம் மாறுவோர் பிரதேச செயலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது மசோதா. 'ஆசைகாட்டுதல்' என்பதற்குள் பரிசு, பொருளுதவி, வேலைவாய்ப்பு அனைத்தையும் அடக்கியது. மாற்றப்படுபவர் பெண்ணாகவோ சிறாராகவோ சமுர்த்தி என்னும் வறுமை நிவாரணம் பெறுபவராகவோ இருந்தால் தண்டனை கூடும் என்றது. அறிவிக்கும் கடமை உள்ளிட்ட சில பிரிவுகள் 10ஆவது உறுப்புரையை மீறுகின்றன, பொதுவாக்கெடுப்பு இன்றி நிறைவேறா என்று நீதிமன்றம் கூறியதால் மசோதா சட்டமாகவில்லை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்த மசோதா புதிதாகத் தோன்றாது. 2002இல் இங்கே இயற்றப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தின் பெயரையும் சொற்களையும் அது பெரிதும் ஒத்திருந்தது. அச்சட்டம் பொதுவாக 3 ஆண்டு சிறையும் 50,000 ரூபாய் அபராதமும் விதித்தது. மாற்றப்படுபவர் சிறாராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் 4 ஆண்டும் ஓர் இலட்சமும் என்று உயர்த்தியது. 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அன்றைய அரசே அதனைத் திரும்பப் பெற்றது.

இரு சட்டங்களின் உள்ளுறை ஒன்றே. வெள்ளாள ஆண் மதம் மாறினால் அது சிந்தனை. தலித் பெண் மாறினால் அது ஏமாற்று என்று சட்டம் முன்கூட்டியே கருதிக்கொள்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில், வறியவர்க்குச் சொந்த அறிவு இல்லை என்பது சட்டவிதியாகிறது. சாதியால் தேர் வடத்தைத் தொட முடியாதவருக்கு வழங்கப்படும் இந்தப் பாதுகாப்பு, வடம் தொடும் உரிமையைத் தருவதில்லை. வெளியேறும் உரிமையை மட்டும் பறிக்கிறது.

சட்டமாகாத தடையைச் சுற்றறிக்கை நிறைவேற்றியது. புதிய வழிபாட்டிடம் கட்டுவதற்கு அமைச்சின் முன் அனுமதி வேண்டும் என்று மத அலுவல்களுக்கான அமைச்சு 2008இல் சுற்றறிக்கை அனுப்பியது. வீட்டில் கூடி ஜெபிப்பதைக்கூட இதைக் காட்டிக் காவல்துறையினரும் பிரதேச செயலக அலுவலர்களும் நிறுத்தச் சொல்வதை, இலங்கைத் தேசியக் கிறித்தவ சுவிசேஷக் கூட்டமைப்பு தொடர்ந்து ஆவணப்படுத்தி வருகிறது. 14ஆவது உறுப்புரை உரிமையைச் சட்டத்தால் மட்டுமே வரையறுக்கலாம் என்கிறது 15(7) உறுப்புரை. நிருவாகச் சுற்றறிக்கை சட்டமன்று. தெற்கே பௌத்த பிக்குகளின் தலைமையில் வந்த எதிர்ப்பு, வடக்கே சைவத்தின் பெயரால் வருகிறது. 2016இல் வவுனியாவில் தொடங்கப்பட்ட சிவசேனை அதன் அமைப்பு வடிவம். தமிழர் நிலத்தில் புதிய விகாரைகள் எழுவதை எதிர்ப்போரில் சிலர், அதே நிலத்தில் தலித்துகளின் ஜெபக் கொட்டகையை எதிர்க்கச் சிங்களப் பேரினவாதத்தின் சட்டமொழியைக் கடன்வாங்குவதை நாம் கவனிக்க வேண்டும்.

சபைகள் பதில்சொல்ல வேண்டியவை

மதம் மாறும் உரிமையைக் காப்பதென்பது சபைகளின் எல்லாச் செயல்களையும் ஏற்பதாகாது. நான்கு கேள்விகளை அவற்றின் முன் வைக்கலாம்.

முதலாவது, உதவிக்கும் வருகைக்கும் உள்ள தொடர்பு. கூட்டத்துக்கு வந்தால்தான் பொதி, ஞானஸ்நானம் பெற்றால்தான் வீடு என்ற நிபந்தனை எங்கு இருந்தாலும் அது தவறு. நிவாரணத்தை மதக் கருத்தைப் பரப்பப் பயன்படுத்தலாகாது என்று 1994ஆம் ஆண்டின் செஞ்சிலுவை நடத்தை நெறி கூறுகிறது. உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலகச் சுவிசேஷக் கூட்டமைப்பும் 2011இல் கூட்டாக வெளியிட்ட ஆவணமும் வறுமையைச் சுரண்டும் ஆசைகாட்டலைக் கண்டிக்கிறது. இதற்குக் குற்றவியல் சட்டம் தேவையில்லை. உதவிப் பட்டியல் பொதுவில் வைக்கப்படுவதும், பயனாளி முறையிட வழியிருப்பதும் போதும்.

இரண்டாவது, சபைக்குள் சாதி. குடியிருப்புகள் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் ஊரில், வீட்டுச் சபையும் ஒரே சாதிச் சபையாகவே அமையும். அது தங்குமிடமாகலாம்; சுவராகவும் இறுகலாம். தாய்ச்சபையின் மேடையில், நிதிக்குழுவில், வேதாகமக் கல்லூரிப் பேராசிரியர்களிடையே எச்சாதியினர் உள்ளனர்? சபைக்குள் திருமணங்கள் எவ்வாறு முடிவாகின்றன? 'கிறித்துவுக்குள் சாதி இல்லை' என்ற விடை போதாது. அந்த விடையை அமெரிக்க மிஷனும் வைத்திருந்தது.

மூன்றாவது, நீதி குறித்த மௌனம். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் இலங்கை அரசின் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி, 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரங்களை வைத்தே கேட்டார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் சாதி உண்டு. ஆனாலும் அந்தக் கேள்வி அங்கிருந்து எழுந்தது. புதிய சபைகள் பலவற்றில் இழப்பு தனிமனிதத் துயரமாகவும் சோதனையாகவும் மட்டுமே பேசப்படுகிறது. காவல்துறை ஒருநாள் கதவை மூடச் செய்யலாம் என்ற அச்சத்தில் வாழும் சிறு சபை மௌனம் காப்பதன் காரணத்தை விளங்கிக்கொள்ளலாம். ஆயினும், காணாமற்போனவர்க்காக அழ இடம்கொடுக்கும் சபை, காணாமற்போனவர் எங்கே என்று கேட்கும் தாய்மாரின் போராட்டப் பந்தலுக்கும் ஒருநாள் வர வேண்டும்.

நான்காவது, சொத்து. மக்களின் தசமபாகத்தில் வாங்கிய காணி யாருடைய பெயரில் உள்ளது? நாடாளுமன்றச் சட்டத்தின்வழி நிறுவனமாகும் பாதை 2003க்குப் பின் சுருங்கிவிட்டதால், சபைகள் கம்பெனியாகவோ தொண்டு நிறுவனமாகவோ பதிவு செய்கின்றன. பலவற்றுக்கு எப்பதிவும் இல்லை. காணி போதகரின் பெயரில் இருந்தால், அவர் வெளிநாடு செல்லும் நாளில் மக்களுக்கு எஞ்சுவது என்ன?

செய்யத்தக்கவை

அரசியல் செயற்பாட்டாளர்களும் சட்ட மாணவர்களும் இங்கே செய்யத்தக்கவை தெளிவானவை. சுற்றறிக்கையைக் காட்டி வழிபாட்டை நிறுத்தச் சொல்லும் அலுவலரிடம், எழுத்துமூல ஆணையையும் அதன் சட்ட ஆதாரத்தையும் கேட்க மக்களுக்குக் கற்பிக்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு அரசமைப்பு ஒரு மாத காலமே தருவதால், நிகழ்வு நடந்த அன்றே பதிவுசெய்வது இன்றியமையாதது. மதம் மாறியவரின் உடலை ஊர் மயானத்தில் புதைக்க மறுக்கும்போது, உள்ளாட்சியின் பொது மயானம் ஊரார் அனைவர்க்கும் உரியது என்று வாதிட வேண்டும். வரணி போன்ற நிகழ்வுகளில் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறைப்பாடு பதியப்பட வேண்டும். கோயிலுக்குள் நுழையும் உரிமையும் கோயிலை விட்டு விலகும் உரிமையும் ஒரே தன்மானத்தின் இரு பகுதிகள் என்பதால், இரண்டையும் ஒரே இயக்கம் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காணி. மலையக வம்சாவளியினரும் பஞ்சமரும் வாழும் நிலத்துக்கு உரிமப் பத்திரம் கிடைத்துவிட்டால், எந்தச் சபையும் எந்தக் கோயிலும் எந்தக் கட்சியும் அவர்களை உதவிப் பொதியால் அசைக்க முடியாது. அதன் பின்னரும் அவர்கள் கொட்டகைக்கு ஜெபிக்கச் சென்றால், அது அவர்களுடைய நம்பிக்கை. மதமாற்றத்தைப் பற்றி உண்மையாகவே கவலைப்படுவோர் முதலில் அந்தக் காணிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்தின் முன் வந்து நிற்கட்டும்.